கல் இல்லாத கல்லறை: அடக்கப் பதிவை எங்கே தேடுவது, எப்படி வாசிப்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கொள்ளுத் தாத்தா 1918-இல், ஊரெல்லாம் காய்ச்சல் வந்த ஆண்டில், இறந்தார். திருநெல்வேலிக்குத் தெற்கே ஒரு கிராமத்துக் கோயிலின் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள் என்று உங்கள் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறீர்கள். நேரில் போய்ப் பார்த்தால் அவர் பெயரில் கல் இல்லை. அங்கே இருப்பதிலேயே பழைய கல் 1931-ஆம் ஆண்டினது. குருவானவரைக் கேட்டால், அந்தக் காலத்து ஏடு எதுவும் இங்கே இல்லை என்கிறார். லண்டனில் இருக்குமா, இணையத்தில் பணம் கட்டினால் எடுத்துத் தருவார்களா என்று கேட்கிறீர்கள். இதற்கு அடியில் வேறொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: 1918-இல் அந்தத் தோட்டம் இருந்ததா, பாட்டி சொன்னதை நம்பலாமா, அவர் அந்த மண்ணில்தான் இருக்கிறாரா? சேகரப் பதிவேடுகளை, அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள ஊர்ச் சபைகளின் ஏடுகளை, வாசித்துப் பட்டியலிடுவதும், தேடி வருகிற குடும்பங்களுக்கு உதவுவதும் எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். அந்தப் பழக்கத்தை வைத்துச் சொல்கிறேன். கல் இல்லை என்பது உங்களுக்குப் பெரிய இழப்பு அன்று. அந்தக் கோயிலில் ஏடு இல்லை என்பதால் ஏடே இல்லை என்றும் ஆகாது. 1918-இல் அந்த ஊர் எந்தச் சேகரத்துக்குள் இருந்தது என்பதை நீங்கள் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் கல்லைப் பற்றி. கல்லறைக் கல்லைப் பலர் கடைசிச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறார்கள். அது எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்குச் சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் தூய மரியாள் ஆலயமே போதும். 1680 அக்டோபரில் அர்ப்பணிக்கப்பட்ட ஆலயம் அது. அதைச் சுற்றித் தரையில் பதிந்திருக்கும் கற்களில் ஒன்றில் 1652 என்ற ஆண்டு இருக்கிறது. கோயிலைவிட 28 ஆண்டு மூத்த கல் கோயில் வளாகத்துக்குள் எப்படி வந்தது? அந்தக் கற்கள் முதலில் அங்கே இருக்கவில்லை. ஆங்கிலேயரின் பழைய இடுகாடு கோட்டைச் சுவருக்கு வெளியே, இன்று சட்டக் கல்லூரிக் கட்டடம் நிற்கும் பக்கத்தில் இருந்தது. 1758 டிசம்பரிலிருந்து 1759 பிப்ரவரி வரை லாலியின் தலைமையில் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, அந்த இடுகாட்டின் உயரமான சமாதிகள் அவர்களுக்கு மறைவிடமாகிவிட்டன. இன்னொரு முறை அப்படி நேரக் கூடாது என்று ஆங்கிலேயர் பின்னர் சமாதிகளை இடித்துவிட்டு, எழுத்துள்ள கற்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து ஆலயத்தைச் சுற்றிப் பாவினார்கள். ஹைதர் அலியுடனான போர்க்காலத்தில் அவற்றில் சில மறுபடியும் பெயர்க்கப்பட்டுப் பீரங்கிகளுக்குத் தளமாகப் போயின. இன்று நாம் மிதித்து நடக்கும் அந்தக் கற்களுக்கும் அவற்றுக்கு நேர் கீழே இருக்கும் மண்ணுக்கும் தொடர்பு இல்லை. உடல்கள் பழைய இடத்திலேயே இருந்துவிட்டன. இடுகாட்டிலிருந்து தப்பிய ஒரு கூர்ங்கோபுரச் சமாதி நெடுங்காலம் சட்டக் கல்லூரி வளாகத்திலேயே நின்றது. ஜோசப் ஹின்மர்ஸ், ஆளுநர் எலிஹு யேலின் சிறு மகன் டேவிட் ஆகிய இருவருக்கும் உரியது அது. ஹின்மர்ஸின் விதவையைத்தான் யேல் 1680 நவம்பரில் மணந்தார். புதிய ஆலயத்தின் திருமணப் பதிவேட்டில் முதல் பதிவு அதுதான்.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் அதே ஆலயத்தில் உண்டு. 1777-இல் இறந்த ஆளுநர் பிகாட் அங்கே பெயர்க்கல் இல்லாமல் அடக்கம் செய்யப்பட்டார். மாகாணத்தின் தலைமைப் பதவியில் இருந்தவருக்கே அப்படியென்றால், தேரிக்காட்டுக் கிராமத்தில் பனையேறியோ புன்செய் உழுதோ வாழ்ந்த ஒருவருக்குக் கல் இல்லாததை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. அந்தக் காலத்துக் கிராமக் கல்லறைத் தோட்டங்களில் எழுத்துள்ள கல் மிஷனெரிமாருக்கும் குருமாருக்கும் சில வசதியான குடும்பங்களுக்கும்தான். மற்றவர்களுக்கு மண்மேடும் தலைமாட்டில் ஒரு மரச் சிலுவையும். மேடு சில மழைக்காலங்களில் கரையும், சிலுவையைக் கரையான் தின்னும். சிறிய தோட்டமாக இருந்தால் அதே இடத்தில் அடுத்த தலைமுறைக்குக் குழி வெட்டியிருப்பார்கள். ஆகவே 1931 என்ற கல் உங்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: அந்தத் தோட்டம் 1931-க்குப் பிந்தியது அன்று. அதற்கு முன் எத்தனை ஆண்டு இருந்தது என்பதை அந்தக் கல்லிடம் கேட்க முடியாது.

அதைக் கேட்க வேண்டிய இடம் வருவாய்த் துறை. கல்லறைத் தோட்டத்தின் புல எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு வாங்குங்கள். இன்றைய ‘அ’ பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே நிலத்தின் வகையும் குறிப்பும் இருக்கும். அதிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். 1979-இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பல எண்கள் உட்பிரிவாகியிருக்கின்றன. அதனால் பழைய எண் எது, புதிய எண் எது என்பதை ஒப்பிட்டுக் காட்டும் பதிவை முதலில் பார்த்துவிட வேண்டும். பிறகு பிரிட்டிஷ் காலச் செட்டில்மெண்ட் (நில வரி நிர்ணய) பதிவேட்டுக்குப் போகலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துப் பதிவறையிலோ சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலோ அது கிடைக்கக்கூடும். 1918-க்கு முந்திய ஒரு பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே கல்லறை என்றோ கிறிஸ்தவர் இடுகாடு என்றோ எழுதியிருந்தால், உங்கள் கேள்வியின் பாதிக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும். வெறும் புறம்போக்கு என்று இருந்தால் எதையும் முடிவு செய்யாதீர்கள். ஊரார் பல ஆண்டு புதைத்துவந்த இடம்கூடக் கணக்கில் அப்படியே கிடந்ததுண்டு.

இனி ஏடு. அடக்கப் பதிவேடு என்பது நிலத்தின் பதிவு அன்று, ஆராதனையின் பதிவு. யார், எந்த நாளில், யார் நடத்திய ஆராதனையோடு அடக்கம் செய்யப்பட்டார் என்பதை அந்தக் குருவானவரின் சேகரம் எழுதி வைத்துக்கொண்டது. பெரும்பாலான கிராம ஏடுகளில் ஊர்ப் பெயர் இருக்கும். தோட்டத்தில் எந்த வரிசை, எத்தனையாவது குழி என்பது இருக்காது. நகரத்துப் பெரிய கல்லறைகளில் அலுவலகம் வைத்து எண் போட்டுப் பராமரித்தார்கள். கிராமத்தில் அந்த வழக்கம் இல்லை. எனவே பதிவு கிடைத்தாலும் அவர் அந்தத் தோட்டத்தில் இருக்கிறார் என்பது வரைதான் உறுதியாகும். எந்த இடத்தில் என்பது உறுதியாகாது. இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன், பலர் பதிவு கிடைத்த பிறகும் அந்த இடத்தைத் தேடி மனம் சோர்ந்துபோகிறார்கள்.

சேகரத்தின் பதிவு என்பதால்தான் சேகர எல்லை முக்கியமாகிறது. திருநெல்வேலிப் பகுதியில் அன்று இரண்டு ஆங்கிலிக்கன் மிஷன்கள் பணி செய்தன. பாளையங்கோட்டை, மெஞ்ஞானபுரம், டோனாவூர் பக்கங்கள் சர்ச் மிஷனெரி சங்கத்தைச் சேர்ந்தவை. முதலூர், நாசரேத், சாயர்புரம், கால்டுவெல் இருந்த இடையன்குடி போன்றவை எஸ்.பி.ஜி. எனப்பட்ட நற்செய்திப் பரப்புச் சங்கத்தைச் சேர்ந்தவை. அடுத்தடுத்த இரண்டு கிராமங்கள் இரு வேறு சங்கங்களின் கீழ் இருந்ததும் உண்டு. 1896-இல் திருநெல்வேலி தனித் திருமண்டலமானது, அதாவது தனிப் பேராயரின் கீழ் வந்தது. 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. 2003-இல் தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலம் பிரிந்தது. இதற்கு நடுவே சபை பெருகப் பெருகச் சேகரங்களும் பிரிந்துகொண்டே வந்தன. ஒரு சேகரம் இரண்டாகும்போது புதிய சேகரம் புதிய ஏட்டைத் தொடங்கும், பழைய ஏடு தாய்ச் சேகரத்திலேயே தங்கிவிடும். உங்கள் ஊர்க் குருவானவர் தம்மிடம் ஏடு இல்லை என்று சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவருடைய சேகரமே 1918-க்குப் பிறகு பிறந்ததாக இருக்கலாம். ஆகையால் அடுத்த முறை அவரைப் பார்க்கும்போது பழைய ஏடு இருக்கிறதா என்று கேட்காமல், இந்தச் சேகரம் எந்த ஆண்டில், எதிலிருந்து பிரிந்தது என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும். கோயிலின் அடிக்கல்லிலும், நூற்றாண்டு விழா மலரிலும், சுவரில் எழுதியிருக்கும் குருமார் வரிசைப் பலகையிலும் இதற்கான தடயம் இருக்கும். அந்தப் பலகையில் 1918-க்கு எதிரே யார் பெயர் இருக்கிறது, அவர் எந்த ஊரில் தங்கியிருந்தார் என்று பாருங்கள். ஏடு அவர் வீட்டு அலமாரியில்தான் இருந்திருக்கும்.

தாய்ச் சேகரத்திலும் இல்லையென்றால் திருமண்டல அலுவலகம். அங்கும் இல்லையென்றால் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகத்தில் ஒரு விசாரிப்பு. தென்னிந்தியத் திருச்சபை சார்ந்த பழைய ஆவணங்கள் பல அங்கே சேர்ந்திருக்கின்றன. சர்ச் மிஷனெரி சங்கத்தின் பழைய ஆவணங்கள் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்திலும் எஸ்.பி.ஜி.யினுடையவை ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் நூலகத்திலும் உள்ளன. ஊர்களின் வரலாற்றுக்கு அவை பொக்கிஷம். எந்த ஆண்டில் எந்த ஊரில் சபை உண்டாயிற்று, எத்தனை பேர் இருந்தார்கள் என்பது அந்தக் கடிதங்களிலும் ஆண்டறிக்கைகளிலும் கிடைக்கும். தனி மனிதரின் அடக்கப் பதிவை அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

உங்கள் குடும்பம் அப்போது ரோமன் கத்தோலிக்கமாக இருந்திருந்தால் வழி சற்று மாறும். ஞானஸ்நானம், திருமணம், மரணம் மூன்றுக்கும் பங்கில் (சேகரத்துக்கு இணையான கத்தோலிக்கப் பிரிவு) ஏடு வைத்திருப்பது திருச்சபைச் சட்டப்படியே கடமை. அதனால் பங்குகளில் ஏடுகள் தப்பிப் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் காலத்துப் பதிவுகள் பல லத்தீனில் இருக்கும், ஆனால் ஒரே வாய்பாடு திரும்பத் திரும்ப வருவதால் சில பக்கங்களில் பழகிவிடும். தூத்துக்குடி மறைமாவட்டம் 1923-இலும் பாளையங்கோட்டை மறைமாவட்டம் 1973-இலும்தான் அமைந்தன. 1918-இல் அந்தப் பகுதி திருச்சிராப்பள்ளியின் கீழ் இருந்தது. சில ஊர்களில் போர்ச்சுகீசிய ஆதரவுப் பங்கும் உரோமையின் நேரடிப் பங்கும் அருகருகே இருந்திருக்கின்றன. அங்கே இரண்டு ஏடுகளையும் பார்க்க வேண்டும். இன்றைய கன்னியாகுமரி மாவட்ட ஊராக இருந்தால் அது 1949 வரை திருவிதாங்கூர், பின்னர் 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலம்; அதன் பிறகுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அப்படியானால் அரசுப் பதிவுகளுக்குத் திருவனந்தபுரத்தையும் கணக்கில் கொள்ளுங்கள்.

லண்டன் பற்றிக் கேட்டீர்கள். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை, நேராகவே சொல்கிறேன். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலிருந்து சென்னை மாகாணத்து ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் கப்பலேறி லண்டனுக்குப் போயின. பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களின் பகுதியாக 1698 முதலான சென்னைத் தொகுதிகள் இருக்கின்றன. பணம் வாங்கும் வம்சாவளித் தளங்கள் காட்டுவது பெரும்பாலும் இவற்றின் படிகளைத்தான். ஆனால் அந்த நகல்கள் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்குமாக எடுக்கப்பட்டவை. தமிழ்க் கிறிஸ்தவர் பெயர் அங்கங்கே வருவதுண்டு என்றாலும், திருநெல்வேலிக் கிராமச் சபையின் 1918-ஆம் ஆண்டு அடக்கங்களை அனுப்பி வைக்க எந்தக் காரணமும் இல்லை. பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான சங்கமான ஃபிபிஸ் இலவசமாகத் தேடும் வசதியை வைத்திருக்கிறது. ஒரு முறை அதில் தேடிப் பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள். பணம் கட்ட வேண்டாம். அந்தப் பணத்தில் தாய்ச் சேகரத்துக்கு இரண்டு முறை போய் வரலாம். கல்வெட்டு வாசகங்களைத் தொகுத்து ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905-இல் வெளியிட்ட சென்னை மாகாணத் தொகுப்பும் அப்படித்தான். ஐரோப்பியர் கல்லறைகளுக்கு அது இன்றும் முதல் துணை, உங்கள் தேடலுக்கு அதில் ஒன்றும் இல்லை.

ஏடு கையில் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 1918-ஆம் ஆண்டின் பக்கங்களைத் தனிக் கவனத்தோடு வாசிக்க வேண்டும். அந்த ஆண்டு இன்ஃப்ளுயன்சா இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. இரண்டாவது அலை வந்த அக்டோபர், நவம்பர் மாதங்கள்தான் மிகக் கொடியவை. சாதாரண ஆண்டில் ஒரு சேகரத்தின் அடக்கங்கள் இரண்டு மூன்று பக்கத்தில் முடிந்துவிடும். 1918-இன் ஐப்பசியில் ஒரே மாதம் அத்தனை பக்கத்தை எடுத்துக்கொண்டிருக்கும். கட்டங்கள் வழக்கமானவைதான்: மரித்த நாள், அடக்கம் செய்த நாள், பெயர், வயது, தொழில், ஊர், அடக்கம் செய்தவர் கையெழுத்து. கையெழுத்தையும் மையையும் பாருங்கள். வெவ்வேறு தேதியிட்ட பத்துப் பதினைந்து பதிவுகள் ஒரே மையில், ஒரே அழுத்தத்தில், ஒரே மூச்சில் எழுதியதுபோல் இருந்தால், அவை அன்றன்று எழுதப்பட்டவை அல்ல. குருவானவர் ஒருவர், ஊர்கள் இருபது. அவர் வர முடியாத இடத்தில் உபதேசியாரே (ஊர்ச் சபையைக் கவனித்த, குருப்பட்டம் இல்லாத ஊழியர்) ஜெபம் செய்து அடக்கியிருப்பார். துண்டுத் தாளில் குறித்து வைத்ததை அவர் பிறகு சேகரத்தில் ஒப்படைக்க, அங்கே மொத்தமாக ஏற்றியிருப்பார்கள். உபதேசியாரும் படுத்துவிட்ட ஊரில் துண்டுத் தாளும் இருந்திருக்காது. அந்த இரண்டு மாதத்தில் ஒரு பெயர் இல்லாமல் போவது மற்ற எந்தக் காலத்தையும்விட எளிது. பதிவு இல்லை என்றால் பாட்டி சொன்னது தவறு என்று முடிவு கட்டிவிடாதீர்கள் என்று நான் கேட்டுக்கொள்வது இதனால்தான். தேதிகளும் சில நாள் முன்பின்னாக இருக்கலாம்.

பெயரில் கவனம் தேவை. வீட்டில் அழைத்த பெயர் ஒன்று, ஞானஸ்நானப் பெயர் இன்னொன்று. பாட்டி சொல்லும் பெயர் எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஞானமுத்து என்ற ஒரே ஆள் ஓரிடத்தில் ஞானமுத்து நாடார் என்றும், இன்னோரிடத்தில் இன்னாரின் மகன் ஞா. முத்து என்றும், ஆங்கிலத்தில் எழுதிய ஏட்டில் மூன்று விதமான எழுத்துக்கூட்டலிலும் வருவார். ஒரே ஊரில் நான்கு தேவசகாயம் இருப்பார்கள். தகப்பன் பெயரும் மனைவி பெயரும் இல்லாமல் அவர்களைப் பிரித்தறிய முடியாது. வயதை நம்பவே வேண்டாம். முப்பது, நாற்பது, ஐம்பது என்று முழு எண்ணாக எழுதியிருந்தால் அது பார்த்தவர் மதிப்பு. ஐந்தாறு ஆண்டு வித்தியாசத்துக்காக ஒரு பதிவை ஒதுக்கிவிடாதீர்கள். தகப்பன் பெயர் மாறினால் தயங்காமல் ஒதுக்குங்கள்.

தேதி எழுதும் முறையிலும் ஒரு சிக்கல் உண்டு. தென் மாவட்டங்களில் கொல்லம் ஆண்டு வெகுகாலம் புழக்கத்தில் இருந்தது. ஆவணியில் தொடங்கும் ஆண்டு அது. ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய உள்ள தேதியானால் 824-ஐயும், ஜனவரியிலிருந்து ஆடி முடிய உள்ளதானால் 825-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். 1918 அக்டோபரின் பிற்பாதி என்பது கொல்லம் 1094 ஐப்பசி, தமிழ் வருடத்தில் காளயுக்தி. தமிழ் எண்ணில் எழுதினால் 1918 என்பது ௲௯௱௰௮, 1094 என்பது ௲௯௰௪. மங்கிய மையில் இவை இரண்டும் எவ்வளவு எளிதில் ஒன்றுபோலத் தெரியும் பாருங்கள். நடுவே ௱ இருக்கிறதா என்பதைத்தான் தேட வேண்டும். ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம். இந்த மூன்று குறிகளும் தெரிந்தால் பழைய குடும்பக் குறிப்பேடுகளையும் கல்லறைக் கற்களையும் தட்டுத் தடுமாறியாவது வாசித்துவிடலாம். அச்சடித்த படிவ ஏடுகளில் பெரும்பாலும் ஆங்கில ஆண்டுதான். உபதேசியாரின் குறிப்பிலும், வேதாகமத்தின் முன் தாளில் குடும்பத்தார் எழுதி வைத்ததிலும் மற்றவை வரும். உங்கள் உறவினர் வீடுகளில் பழைய வேதாகமம் எதுவும் இருக்கிறதா என்று விசாரித்தீர்களா? உங்கள் கேள்வியில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. பாட்டியின் கூடப்பிறந்தவர்கள் வழியில் கேட்டுப் பாருங்கள்.

கோயிலுக்கு வெளியே இன்னொரு சாட்சி உண்டு. 1899-ஆம் ஆண்டின் சென்னைப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் காலத்தில் கிராமங்களில் இறப்பைக் குறித்தவர் கிராம முன்சீப். மதம் எதுவானாலும் ஒரே ஏடு. அந்த ஏட்டில் இறப்பின் காரணத்துக்கு அரசு வகுத்திருந்த சில தலைப்புகள்தான் உண்டு: காலரா, அம்மை, பிளேக், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காயம் என்று. இன்ஃப்ளுயன்சாவில் இறந்தவர்கள் பெருவாரியாகக் காய்ச்சல் என்ற தலைப்பில்தான் ஏறினார்கள். உங்கள் பாட்டி நினைவில் வைத்திருக்கும் அதே சொல். 1980-இல் முன்சீப் பதவி ஒழிக்கப்பட்டுக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தபோது ஏடுகள் கைமாறின. இன்று வட்டாட்சியர் அலுவலகத்திலோ சார்பதிவாளர் வசமோ விசாரிக்க வேண்டும். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, கட்டணம் செலுத்தி எவரும் ஒரு பதிவைத் தேடச் சொல்லலாம் என்கிறது. மனுவில் இந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள். இறப்பின் காரணத்தை மட்டும் பதிவிலிருந்து தரும் நகலில் வெளியிட மாட்டார்கள், அதுவும் அதே பிரிவில் உள்ளதுதான். நூறு ஆண்டு கடந்த கிராம ஏடு தப்பியிருப்பது ஊருக்கு ஊர் மாறும். கிடைத்தால் அதில் தேதி கோயில் ஏட்டைவிடத் துல்லியமாக இருக்கலாம், ஆனால் அடக்கம் செய்த இடம் இருக்காது.

சொல்லச் சங்கடமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நம் கல்லறைத் தோட்டங்கள் பலவற்றில் சாதிவாரியாக இடம் பிரித்தார்கள். சில இடங்களில் நடுவே சுவரே எழுப்பினார்கள். திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறையின் நடுச்சுவருக்கு எதிராக நடந்த போராட்டங்களைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். இறந்த பிறகும் மனிதரைப் பிரித்து வைத்த அந்த அநியாயம், தேடுகிறவர்களின் வழியையும் மறைக்கிறது. ஊரில் கல்லறைத் தோட்டம் எங்கே என்று கேட்டால், கேட்கப்படுகிறவர் தமக்குத் தெரிந்த, தம்மவர் இருக்கும் தோட்டத்தைத்தான் காட்டுவார். ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் முள் மண்டிக் கிடக்கும் இன்னொரு இடத்தை யாரும் குறிப்பிட மாட்டார்கள். நீங்கள் பார்த்தது அந்த ஊரின் ஒரே தோட்டம்தானா என்று பலரிடம், வெவ்வேறு தெருக்களில் கேளுங்கள். குழி வெட்டும் குடும்பத்தில் மூத்தவர் யாராவது இருந்தால் அவரிடம் கட்டாயம் கேளுங்கள். எந்தப் பகுதியில் தோண்டினால் பழைய எலும்பு வரும், எந்தப் பகுதி புதிதாகச் சேர்த்தது என்பது அவருக்குத் தெரிந்ததுபோல் வேறு யாருக்கும் தெரியாது.

அடக்கப் பதிவு கிடைக்காமலே போனாலும் சுற்றி வளைத்து நெருங்கலாம். அவருடைய பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவில் தகப்பன் பெயரும் தொழிலும் ஊரும் இருக்கும். பிள்ளைகளின் திருமணப் பதிவில் தகப்பன் உயிரோடு இருக்கிறாரா, இறந்துவிட்டாரா என்று சில குருமார் குறித்திருப்பார்கள். சபையார் செலுத்தும் சங்கக் காணிக்கையின் ஏட்டில் ஒரு குடும்பத் தலைவரின் பெயர் 1918 வரை வந்து, அடுத்த ஆண்டு மனைவி பெயருக்கோ மூத்த மகன் பெயருக்கோ மாறியிருந்தால் அது வலுவான சான்று. அவர் உபதேசியாராகவோ மிஷன் பள்ளி ஆசிரியராகவோ இருந்திருந்தால் திருமண்டலத்தின் பழைய மாத இதழ்களையும் புரட்டுங்கள். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து ஒரே திசையைக் காட்டினால், அவர் 1918-இல் இறந்தார், அந்தச் சபையைச் சேர்ந்தவர் என்று எழுதி வைக்கலாம். அந்தத் தோட்டத்தில் அடக்கம் என்பதைப் பாட்டி சொன்னபடி என்று குறிப்பிட்டுத் தனியாக எழுதுங்கள். அடுத்து வருகிறவர்களுக்கு எது ஏட்டில் கண்டது, எது வாய்வழி வந்தது என்பது பிரிந்து தெரிய வேண்டும்.

சேகரத்துக்குப் போகும்போது ஞாயிற்றுக்கிழமையையும் பண்டிகை வாரங்களையும் தவிர்த்துவிடுங்கள். முன்கூட்டி ஒரு கடிதம் எழுதி, பெயர், தகப்பன் பெயர், ஊர், தேடும் ஆண்டுகள் இவற்றைக் குறிப்பிடுங்கள். 1918-ஐ மட்டும் கேட்காமல் 1917 முதல் 1920 வரை கேளுங்கள். ஏட்டைக் கேட்கும் பலர் சொத்து வழக்குக்காக வருவதால் குருமாருக்கு ஒரு தயக்கம் இருக்கும். உங்கள் நோக்கம் அதுவன்று என்று கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். பழைய தாள் மடித்த இடத்தில் முறியும். பக்கத்தைப் புரட்டும்போது கீழ் மூலையைப் பிடிக்காமல் உள்ளங்கையைத் தாளுக்கு அடியில் கொடுத்துத் திருப்புங்கள். அனுமதி வாங்கிப் படம் எடுக்கும்போது உங்கள் பெயர் இருக்கும் வரியோடு நிறுத்தாமல் முழுப் பக்கத்தையும், அதற்கு முந்திய பக்கத்தையும், ஏட்டின் முதல் தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே எழுதிய ஊர்ப் பெயருக்குக் கீழே ‘மேற்படி’ என்று பொருள்படும் இரட்டைக் குறி மட்டும் தொடர்ந்து வந்திருக்கும். எந்த ஊர் என்பது முந்திய பக்கத்தில்தான் இருக்கும். பக்கம் கிடைத்து எழுத்துப் புரியவில்லையென்றால் படத்தை இங்கே போடுங்கள், சேர்ந்து வாசிப்போம். மற்றவர்களின் பெயர்களை மட்டும் மறைத்துவிட்டுப் போடுங்கள், அந்தக் குடும்பங்களும் இன்னும் அதே ஊரில் இருக்கக்கூடும்.